கணவாய்க்கு முன்னால் ஒரு நாள் நடை

என் தங்கை அமெரிக்காவில் நர்ஸாக இருக்கிறாள். போன வருடம் ஐந்து மாத விடுப்பு வாங்கிக்கொண்டு, அங்கே மலைகளின் மேலேயே போகும் ஒரு நீண்ட பாதையில் தனியாக நடக்கக் கிளம்பினாள். “எதுக்குடி உனக்கு இந்த வேலை?” என்று அம்மா கேட்டதற்கு, “ஆஸ்பத்திரி வாசனை ஒடம்ப வுட்டுப் போவணும்மா” என்றாள்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற எனக்கு அந்தப் பயணத்தில் ஒரு பொறுப்பு இருந்தது. மலையில் போனுக்கு டவர் கிடையாது. சாட்டிலைட் வழியாகச் சின்னச் செய்திகள் மட்டும் வந்து போகும் ஒரு கருவி வைத்திருந்தாள். எந்த ஓடை வற்றிவிட்டது, எந்தக் கணவாயில் எவ்வளவு பனி என்று அந்தப் பாதையில் நடப்பவர்கள் இணையத்தில் எழுதுவார்கள். சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் நான் அதைப் படித்து, மறுநாளைக்கு வேண்டியதை மட்டும் அவளுக்கு அனுப்புவேன்.

முதலில் தண்ணீர்க் கவலைதான். “பதினாலாவது மைல்ல தொட்டி இருக்கு, பாசி. வடிகட்டிக் குடி. அப்புறம் இருவது மைலுக்கு ஒண்ணும் இல்ல.” பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, “நம்ம ஆத்துல மாரி மணலத் தோண்டுனா ஊறாதா?” என்பாள்.

பிறகு பனி வந்தது. விடியுமுன் அது கெட்டியாக இருக்கும், நடக்கலாம். வெயில் ஏறினால் தொடைவரை புதையும். சாயங்காலம் உருகிய பனியெல்லாம் ஆறுகளில் சேர்ந்து ஆளையே இழுத்துவிடும். இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது.

பாதையிலேயே உயரமான கணவாய்க்கு முன்னால் ஒரு ஊரில் தங்கிவிட்டு அவள் மறுபடி மலையேறினாள். அதற்கடுத்த நாள் காலையில் அம்மா குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். அவளுக்குப் பேச்சு இல்லை.

“தங்கச்சிக்குச் சொல்லிடு. அதுவும் மவதான” என்றார் என் கணவர்.

“அடுத்த ரோடு நாலு நாள் நடைங்க. சொன்னா நிக்காம ஓடுவா. சாயங்காலத்துல ஆத்துல எறங்கிடுவா.”

மறுநாள் மதியம் அம்மா போய்விட்டாள். வீட்டுக் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவளை வைத்திருந்தோம். சுற்றிலும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படிக்குப் போய்ச் செய்தி அனுப்பினேன். “கணவாயில பனி நெறைய. மூணு மணிக்கே கெளம்பு. கீழ எறங்குனதும் வர்ற ஆத்தக் காலையிலதான் தாண்டணும்.”

“சரிக்கா. அம்மா என்ன பண்ணுது?” என்று பதில் வந்தது.

“படுத்திருக்கு” என்று அனுப்பினேன்.

மறுநாள் அடக்கம் செய்துவிட்டோம். அம்மா விழுந்த நான்காம் நாள் அவள் ரோட்டுக்கு வந்து போன் செய்தாள். சொன்னேன்.

“மூணு மணிக்கே கெளம்புன்னு அனுப்புனியே, அப்ப அம்மா உசுரோட இருந்துச்சாக்கா?”

“இல்லடி.”

போனை வைத்துவிட்டாள். அந்த வார முடிவிலேயே ஊருக்கு வந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. கல்லறையில் நேரே நின்று அழுதாள். நான் தோளைத் தொட்டேன், விலக்கவில்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னாள். “பின்னாடி, நான் தங்குன ஊரு ரோடு ஒரு நாள் நடைதான்க்கா. பனியே கெடையாது. அம்மா வுழுந்தன்னைக்கே சொல்லியிருந்தா திரும்பியிருப்பேன். மூஞ்சியாவது பாத்திருப்பேன்.”

எனக்கு அது தோன்றவேயில்லை. அத்தனை நாளும் முன்னால் என்ன தண்ணீர், முன்னால் என்ன பனி என்றே பார்த்துக்கொண்டிருந்த நான், அவள் வந்த வழியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. “எனக்குத் தெரியலடி” என்றேன். “தெரியும்க்கா, நீ வேணும்னு பண்ணல” என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

பத்து நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். மீதிப் பாதையை அவள் நடக்கவில்லை. விடுப்பு மிச்சமிருக்கும்போதே ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுகிறாள், என் கணவரின் போனில். கடைசியில் என்னிடம் கொடுக்கச் சொல்லி, “சாப்ட்டியாக்கா?” என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்பேன்.