சூலு மன்னனும் எங்கள் உதைபந்தாட்ட அணியும்

நாற்பது வயதைத் தாண்டியவர்களின் உதைபந்தாட்ட அணிக்கு நான் தலைவனாக இருந்தேன். விடாமல் தோற்றுக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டுக்காரர்களோடு நடக்கவிருந்த ஆட்டத்திலும் தோற்றால் வேறு ஆளைப் போடுவோம் என்று பெடியள் சொல்லிவிட்டார்கள். பதவி போய்விடுமே என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாட்களில்தான் ரயிலில் சூலு என்ற ஆப்பிரிக்க இனத்து மன்னன் ஒருவனின் கதையைக் கைப்பேசியில் கேட்டேன். தகப்பன் ஒதுக்கிய பிள்ளை, ஏளனத்துக்குள் வளர்ந்தவன், ஒரு சின்னக் குலத்தைப் பேரரசாக்கியவன். வீரர்களின் செருப்பைக் கழற்றி வெறுங்காலில் ஓடவிட்டான். அவன் படை எருமைத் தலை போல நிற்குமாம்: நடுவில் நெஞ்சு, இரு பக்கமும் வளைத்துப் பிடிக்கும் கொம்புகள். பின்னால் காத்திருக்கும் அவனுடைய மாற்றுப்படை, சண்டையைப் பார்த்துப் பதறாமலிருக்க, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். மன்னனுக்கும் எனக்கும் உள்ள ஒற்றுமைகள் நான் இறங்கும் வெஸ்ட்லி நிலையம் வருவதற்குள் தெளிவாகிவிட்டன.

வெறுங்காலில் பயிற்சி என்றதும் மனைவி, "உங்களுக்கென்ன கொம்பே முளைச்சிருக்கு?" என்றாள். இரண்டு கொம்பு என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

ஆட்டத்தன்று எல்லிங்ஸ்ருட் மைதானத்தில் என் தம்பி உட்பட மாற்று ஆட்டக்காரர்கள் எல்லோரையும் முதுகு காட்டி இருக்கவைத்தேன். கொம்புகள் இரண்டும் முன்னால் ஓடின. திரும்பி வர அவற்றுக்கு மூச்சில்லை. இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கினோம்.

எதிரணித் தலைவர் என்னிடம் வந்தார். "அண்ணா, உங்க ஆளுங்க ஏன் மூஞ்சியத் திருப்பிட்டு உக்காந்திருக்காங்க? ஏதாவது சண்டையா?"

"அது வியூகம்" என்றேன். மனிதர் நம்பவில்லை. சமாதானப்படுத்த ஆளுக்கொரு வாழைப்பழத்தோடு அவர்களிடம் போய்விட்டார்.

தம்பியை ஆட்டத்தில் இறங்கச் சொல்லிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. என்ன கட்டுப்பாடு என்று பூரித்துப்போனேன். கிட்டப் போனபோதுதான் தெரிந்தது, அவன் உண்மையாகவே கோபித்துக்கொண்டிருந்தான்.

"அந்த ராசாவின்ரை கதையை நானும் கேட்டனான், அண்ணை" என்றான், பழத்தை மென்றபடி. "நீங்கள் முழுக்கக் கேட்டனீங்களோ?"

"வெஸ்ட்லி வந்திட்டுது. பாதியிலை இறங்கிட்டன்."

"அவனைக் கொலை செய்தது ஆர் தெரியுமே? தம்பிமார்."

எனக்கு உள்ளபடியே வலித்தது. தலைவனுக்குரிய கைப்பட்டியைக் கழற்றி அவனிடம் நீட்டினேன். ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் வாழைப்பழத்தோலை என் கையில் தந்துவிட்டுப் பட்டியை வாங்கிக்கொண்டான்.