வெள்ளைத்தாயின் முக்காடு

நரிக்குடிக்குத் தெற்கே கருவேலங்காட்டை வெட்டிக் கொய்யாத் தோப்பு போட்ட பஞ்சாபிக்காரரை ஊர் 'சிங்கையா' என்றுதான் கூப்பிடும். அந்தத் தோப்பில் களையெடுப்பவள் வெள்ளைத்தாய். அவள் புருஷன் மாரிச்சாமி போர் போடும் லாரியில் வடக்கே வேலைக்குப் போனவன், போனவன்தான். டீ குடிக்க ரயிலை விட்டு இறங்கினான், அதோடு சரி என்று கூட வேலை பார்த்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? "எம்புட்டு வருசம்தான் பாப்ப, காரியத்தைச் செஞ்சு முடி" என்று நச்சரித்தது. முக்காட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டால் அவன் செத்துவிட்டான் என்று அர்த்தம். அவள் போடமாட்டாள். மழைக்குக்கூட முந்தானையைத் தலைக்கு இழுக்கமாட்டாள். தெப்பமாக நனைந்துகொண்டே வருவாள். அப்படியொரு பிடிவாதக்காரி. ஆனால் பாவம், நிம்மதி ஏது? மத்தியானம் கண்ணயர்ந்தால் வாசலில் அவன் தொண்டையைக் கனைக்கும் சத்தம் கேட்கும். ஓடிப்போய்ப் பார்த்தால் வெயில்தான் கிடக்கும். கேட்கிற நாளில் பயமாக இருக்கும். கேட்காத நாளில் அதைவிடப் பயமாக இருக்கும்.

சிங்கையா மகள் ஹர்லீனுக்குக் கல்யாணம் வந்தது, தோப்பை ஒட்டி அவர்கள் கட்டியிருந்த குருத்வாராவிலேயே. அந்தப் பிள்ளை வெள்ளைத்தாய் இடுப்பில் வளர்ந்தது. பேச்செல்லாம் நம்மூர்ப் பேச்சு. "நீ வந்து முன்னால உக்காரணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டது. இவளும் பட்டுக் கட்டி, பூ வைத்து, கொழுந்தன் செல்லப்பாண்டியோடு கிளம்பிவிட்டாள். ஊரே கைவிட்ட பிறகும் "அண்ணன் வந்துருவான் மதினி" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

வாசலில் போய் நின்றால், ஆணும் பெண்ணும் தலையை மூடிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். அங்கே அதுதான் மரியாதையாம். கூடையில் இருந்த காவித் துணியை எடுத்து நம்மூர் ஆம்பளைகளும் முனகிக்கொண்டே கட்டிக்கொண்டார்கள். வெள்ளைத்தாய்க்குக் கால் நகரவில்லை.

"நான் இங்கனயே நிக்கேன் தாயி."

"என்னைப் பாரு, நானே போட்டுருக்கேன்ல" என்றாள் ஹர்லீன். "நாங்க நல்ல நாளுக்குத்தான் போடுவோம். வா."

கல்யாணப் பெண்ணே முக்காட்டோடு வந்து கூப்பிட்டால் எந்த வாயால் மறுப்பது? முந்தானையை இழுத்துத் தலையில் போட்டாள். ஒரு நாள் கூத்துக்குத்தானே, வெளியே வந்ததும் எடுத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

உள்ளே பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். அவர்கள் குருவாகவே வணங்கும் புனித நூலைப் பெண்ணும் மாப்பிள்ளையும் சுற்றிவர, பாட்டு நடந்தது. தற்செயலாக ஆண்கள் பக்கம் திரும்பினாள். சுவரோரம் மாரிச்சாமி உட்கார்ந்திருந்தான்.

அதே நெற்றி. அதே தாடை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வந்துவிட்டான் என்று எழப் போனவள், அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கியபோதுதான் போட்டிருந்த சட்டையைக் கவனித்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த சட்டை. செல்லப்பாண்டி.

அண்ணன் காணாமல் போன வயதைத் தம்பி எட்டிவிட்டான். நரைத்த முடியைத் துணி மறைத்ததும் அச்சு அசல் அவனாகவே தெரிந்திருக்கிறான். அவன் அழுதது கல்யாணத்துக்கான அழுகை இல்லை. அவளை முக்காட்டோடு பார்த்துவிட்டுச் சாவு வீட்டில் அழுகிற அழுகை. அப்படியானால் அண்ணன் வரமாட்டான் என்று இவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. இவளுக்காகத்தான் வருவான் வருவான் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறான்.

வெள்ளைத்தாய்க்கும் அடக்க முடியவில்லை. பெண் பிரிகிற துக்கம் என்று நினைத்துப் பக்கத்துப் பஞ்சாபிப் பெண்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் வெளியே வந்து தலைத்துணியை எடுத்தார்கள். செல்லப்பாண்டி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "வெளிய வந்தாச்சு மதினி. அதை எறக்கி விடுங்க."

"இருக்கட்டும் தம்பி. ஊருக்குள்ள இப்படியே வாரேன்" என்றாள் வெள்ளைத்தாய்.