பாதி ஜெபம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நடந்தது நடந்ததுதான். 1928 அக்டோபர் 11, வியாழக்கிழமை சாயங்காலம், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில். காதால் கேட்டவர்கள் அம்புரோஸும் அவர் பெண்சாதி மகதலேனாவும். கள்ளின் வாசனைகூட ஆகாத ஜோடி அது.

அந்த வீட்டில் தினமும் ஏழு மணிக்கு ஜெபமாலை. ஐந்து தேவ இரகசியத்தில் முதல் இரண்டு அப்பாவுக்கு, அடுத்த இரண்டு அம்மாவுக்கு, ஐந்தாவது ஒரே மகள் பெர்னடெட்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் பத்து மணி, மணிக்கு ஒரு தடவை ஜெபம். ஒருவர் முதல் பாதியைச் சொன்னால், மற்றவர்கள் மறுபாதியைச் சொல்லி முடிக்க வேண்டும். ஏழு வயதிலிருந்து ஐந்தாவது அவளுடையது.

அவள் கேரி தீவுத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி ரெங்கசாமியைக் கட்டிக்கொண்டு போனாள். இந்துப் பையன். அன்றோடு அம்புரோஸ் அவளைத் தலைமுழுகினார். கடுதாசி வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போட்டார். ஜெபமாலையையும் நாலோடு நிறுத்தினார். வீம்பில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நாலாவது முடிந்தும் எழுந்திருக்காமல், கொஞ்ச நேரம் முழங்காலிலேயே இருப்பார். மனுஷன் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார். மகதலேனாவுக்கு அது தெரியும்.

அன்றும் நாலாவது முடிந்தது. மணி ஏழு இருபது. பின்பக்கம் கிள்ளான் ரயில் போனது. விளக்குக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. ரயில் சத்தம் மட்டும் கேட்கவில்லை...

"பிரிய தத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க..."

பெர்னடெட்டின் குரல். அவள் வழக்கமாக முழந்தாளிடும் பாயின் ஓரத்திலிருந்து வந்தது. அங்கே யாரும் இல்லை.

முதல் பாதி முடிந்தது. குரல் நின்றது. காத்திருந்தது.

மகதலேனா வாயைத் திறந்தாள்.

"சொல்லாதே!" என்றார் அம்புரோஸ்.

மறுபடியும் முதல் பாதி. இந்தத் தடவை மூச்சு வாங்கியது. மறுபடியும் நின்றது...

அம்புரோஸின் விரல்களுக்குள் மணிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. அவர் நகர்த்தவில்லை.

ஐந்து... ஆறு... ஏழு...

ஒன்பதாவது நடுவில் அறுந்தது.

அமைதி.

பிறகு பத்தாவது. அவர் காதோரத்தில். தெளிவாக. மூச்சே வாங்காமல்...

காத்திருந்தது.

சொல்லிவிடத்தான் நினைத்தார். நாக்கு எழவில்லை.

மறுநாள் மத்தியானம் ரெங்கசாமி வாசலில் வந்து நின்றான். சட்டையெல்லாம் சேறு.

"காய்ச்சல், மாமா. மூணு கடுதாசி போட்டேனே... நேத்து சாயங்காலம் போயிட்டா."

"எத்தனை மணிக்கு?" என்றாள் மகதலேனா.

"ஏழு இருபதுக்கு உங்க ஜெபத்தை ஆரம்பிச்சா. பாதி சொல்லிட்டு எங்க மூஞ்சியைப் பார்ப்பா. மிச்சத்தை நாங்க சொல்லணும்னு புரிஞ்சிச்சு. எங்க யாருக்கும் தெரியாதே, மாமா..."

"எத்தனை தடவை?" என்றார் அம்புரோஸ்.

"ஒம்போது. ஒம்போதாவதை முடிக்கல. அதோட மூச்சு நின்னிடுச்சு."

அம்புரோஸ் ஜெபமாலையை எடுத்துப் பார்த்தார். நேற்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. ஐந்தாவது இரகசியத்தின் பத்தாவது மணியில் புதிதாக ஒரு முடிச்சு விழுந்து இறுகிக் கிடந்தது. செத்த பிறகும் மகள் இன்னொரு தடவை வந்து கேட்டிருக்கிறாள்.

அவர் பாயின் ஓரத்தில் மண்டியிட்டார்.

"...பாவிகளாயிருக்கிற எங்களுக்காக, இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்."

மறுபாதியை மட்டும் பத்துத் தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் நிறுத்திக் காத்திருந்தார். முதல் பாதியைச் சொல்ல யாரும் வரவில்லை.