வீசப்படாத சாக்பீஸ்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். எட்டாவதோடு படிப்பு நின்றவள், ஒரு சரித்திர வாத்தியாரைப் பற்றி எழுத எனக்கென்ன தகுதி என்ற கூச்சம். ஆனால் எங்கள் பூஜை அலமாரியில், பெருமாள் படத்துக்குக் கீழே, சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், அரைவிரல் நீளத்தில் ஒரு சாக்பீஸ் இருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் சட்டைப்பையிலிருந்து நான் எடுத்து வைத்தது. தினமும் விளக்கேற்றும்போது அது கண்ணில் படுகிறது.

அறுபதுகளின் ஆரம்பம் அது. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தோம். அவர் முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பம். புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியாராகத் தற்காலிக வேலை. மறுநாள் பாடத்தை முந்தின சாயங்காலமே, நான் பெருமாளுக்குத் துளசி தொடுக்கையில், சொல்லிப் பார்ப்பார். அப்படித்தான் அமெரிக்காவின் புனர்நிர்மாண காலம் எங்கள் வீட்டுக்கு வந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து கறுப்பின அடிமைகளை விடுவித்த பிறகு அவர்களுக்கு ஆளத் தெரியாமல் நாடு சீரழிந்தது, பழைய எஜமானர்கள் வந்து சரிசெய்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தது. அதை வாசிக்கும்போதே அவர் குரல் இறங்கிவிடும். அவர் நூலகத்தில் தேடிப் படித்தது வேறு. விடுதலையானவர்கள் ஓட்டுப் போட்டார்கள், சட்டசபையில் உட்கார்ந்தார்கள், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார்கள். பழைய எஜமானர்கள் அடித்தும் கொன்றும்தான் அவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார்கள்.

எங்கேயோ நடந்ததற்கு நீங்கள் ஏன் வாடுகிறீர்கள் என்று கேட்டேன். “எங்க ஊர்லயும் நெல்லுக் களத்துல நின்னவங்க கதைய கட்டில்ல உக்காந்திருந்தவங்கதானே சொன்னாங்க” என்றார்.

வகுப்பில் இரண்டு விடைகள் சொல்லி எழுதவைத்தார். இது பரீட்சைக்கு, இது மனசுக்கு என்றாராம். எழுதிக்கொண்டதை ஓர் எழுத்து விடாமல் உருப்போடுகிற பிள்ளைகள் அவர்கள். அரையாண்டுப் பரீட்சையில் இரண்டு விடைகளையும், கூடவே ‘இது பரீட்சைக்கு, இது மனசுக்கு’ என்பதையும் வகுப்பே சேர்த்து எழுதிவிட்டது. தாளைத் திருத்தியவரோ தலைமையாசிரியர். “மனசுக்குப் பாடம் நடத்தக் கோயில் இருக்குய்யா. சம்பளம் பரீட்சைக்குத்தான். வேலை வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டிருக்கிறார்.

இவர் சாக்பீஸை மேஜைமேல் வீசிவிட்டு வெளியேறினார் என்று இப்போது பள்ளிக்கூட விழாவில் பேசுகிறார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. அதனாலேயே வாய் திறக்காமல் இருந்தேன்.

நடந்தது அதுவல்ல. அவர் பயந்துபோனார். பெரியவள் அப்போது கைக்குழந்தை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, இலையில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். “கையெல்லாம் நடுங்கிடுச்சு” என்றார். சட்டையை நனைக்க எடுத்தபோதுதான் பையில் இந்தச் சாக்பீஸ் கிடைத்தது. கையில் வைத்திருந்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார், பாவம்.

அதன்பிறகு புத்தகத்தில் இருந்த விடையை மட்டுமே எழுதவைத்தார். ஆனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘என்று புத்தகம் சொல்கிறது’ என்று சேர்த்துக்கொண்டார். தலைமையாசிரியரால் அதில் குற்றம் சொல்ல முடியவில்லை. பிள்ளைகள் அதையும் உருப்போட்டார்கள். ஒருநாள் ஒரு பையன் எழுந்து, “அப்ப அந்த ஜனங்க என்ன சொல்றாங்க சார்?” என்று கேட்டுவிட்டானாம். அன்றைக்கு ராத்திரி ரசத்தை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போன வாரம் மருமகள் அலமாரியைத் துடைக்கையில், “மாமா வீசுன சாக்பீஸ் இதுதானா அத்தை?” என்று ஆசையாகக் கேட்டாள். உண்மையைச் சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் வாடியது. அன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொன்னால், அவர் கை நடுங்கியதையும் ரசம் கேட்டதையும் சேர்த்தே சொல்லுங்கள். வீசினார் என்று மட்டும் சொல்லாதீர்கள். வீசியிருந்தால் இந்தச் சாக்பீஸ் பெருமாள் காலடிக்கு வந்திருக்காது.