கோடாலியைக் கீழே வைத்த முருகேசன் அண்ணன்

போன வாரம் ஒரு காலையில் முருகேசன் அண்ணனின் மகன் போன் செய்தான். "அப்பா போயிட்டாருங்க. வந்துடுங்க" என்றான். நான் எழுந்து வண்டிச் சாவியைத் தேடினேன். வண்டியை விற்று வருஷக்கணக்காகிறது.

கள்ளக்குறிச்சியில் பழைய வண்டி வைத்திருந்த யாருக்கும் அவரைத் தெரியாமல் இருக்காது. ஆட்டோ எலக்ட்ரீஷியன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. லைட் எரியவில்லை என்று போனால், "எப்பலேர்ந்து எரியல? அதுக்கு முன்ன எவன் கைய வச்சான்?" என்று போலீஸ் மாதிரி விசாரிப்பார். ஒயரைத் தொடும் முன் சாவியைப் போட்டு, டேஷ்போர்டில் எந்தெந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பார். "எரியற செவப்பு லைட்டுக்கு எல்லாரும் பயப்படறான். சாவி போட்டும் எரியலன்னாதான் பயப்படணும்" என்பார். நான் அதைக் காதில் வாங்கியதே இல்லை.

இட ஒதுக்கீடு கேட்டு அவருடைய சாதிக்காரர்கள் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்ட வருஷம் அது. நான் ஒரு ஓட்டை வேனில் கல்வராயன் மலைக்கு ஆள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். புது பேட்டரி போட்டும் சார்ஜ் நிற்கவில்லை.

அன்று வெள்ளிமலையில் வேலை முடித்த எங்கள் காலனி ஆட்களோடு மலை இறங்கினேன். முன் சீட்டில் என் மனைவியும் கைக்குழந்தையும். அடிவாரம் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே புளியமரம் கிடந்தது. கோடாலியும் கம்புமாகக் கூட்டம். எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினால் மறுபடி எடுக்காது என்பதால் நான் நிறுத்தவில்லை. அவர்கள் மேல் வண்டியை ஏற்றப் பார்க்கிறேன் என்று நினைத்து ஒருவர் சாவியைப் பிடுங்கினார். "காலனி ஆளுங்கடா" என்று ஒரு குரல் கேட்டது. பெரியவர் ஒருவர், "பொம்பள புள்ளைங்க இருக்குது, திரும்பிப் போவட்டும்" என்று சாவியை வாங்கித் தந்தார். வண்டி எடுக்கவில்லை. "நடிக்கிறான்" என்று கல்லை எடுத்தார்கள். என் மனைவி குழந்தையின் மேல் கவிழ்ந்துகொண்டாள். நான் சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பினேன்.

அந்தக் கூட்டத்திலிருந்துதான் முருகேசன் அண்ணன் வந்தார். கையிலிருந்த கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, என்னை நகர்த்தி சாவியைத் திருப்பினார். ஆயில் விளக்கு மட்டும் மங்கலாக எரிந்தது. பக்கத்திலிருந்த சார்ஜ் விளக்கின் மேல், ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன. பூஜைப் பொட்டை யார் சுரண்டுவார்கள்? அவர் நகத்தால் சுரண்டினார். அடியில் பல்ப் போயிருந்தது.

"இந்த பல்ப் வழியாத்தான்டா ஆல்டர்னேட்டருக்கு மொதல் கரண்டு போவுது. இது போனா பேட்டரி எப்பிடி ஏறும்? பொட்டு வச்சி மூடிக்கினு இன்னாத்த பாத்த?"

தலைக்கு மேல் கல் நிற்கும்போதும் திட்டினார். மீட்டர் பல்பைக் கழற்றி அதில் மாட்டினார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "வாங்கடா, தள்ளுங்க. தள்ளாம எப்பிடிப் போவும்?" என்றார். மறிக்க வந்தவர்களே வண்டியைத் திருப்பித் தள்ளினார்கள். எஞ்சின் பிடித்தது. எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது; சார்ஜ் ஏறத் தொடங்கிவிட்டது.

அதற்கு அவருடைய ஆட்கள் அவரைச் சும்மா விடவில்லை. கடை போர்டை உடைத்தார்கள். மாதக்கணக்கில் சொந்தக்காரன் வண்டிகூட வரவில்லை. நான் போனபோது, "இப்ப வராத வேலு. வந்தா இன்னும் ஜாஸ்தியாவும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "அப்புறம் எதுக்குண்ணா அந்தக் கூட்டத்துக்குப் போன?" என்றேன்.

"எம் புள்ள படிக்கணும், மரம் வெட்னேன். உம் புள்ள உசுரோட வூட்டுக்குப் போவணும், பல்ப் போட்டேன். ரெண்டும் நாந்தான்டா."

அந்தப் பதில் எனக்கு இன்றும் முழுதாகச் செரிக்கவில்லை. அவர் இல்லாத இடத்தில் மறிக்கப்பட்ட வண்டிகள் என்ன ஆயின என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. இனி கேட்கவும் முடியாது.

பாடையைத் தூக்கும்போது அவர் மகன், "நீங்களும் தோள் குடுங்க சித்தப்பா" என்றான். தெருவில் பேச்சு நின்றது. நான் கொடுத்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை கழியை வாங்கிக்கொண்டது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. சுடுகாடு வரை வெறும் தோளோடு நடந்தேன்.

அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அந்த நாலு எட்டுக் கனம்தான். அதை எந்தக் கையும் வாங்கிக்கொள்ள முடியாது.