விளாவிய தண்ணீர்

மஸ்கட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், அலுவலகத்தில் ஒரு தாளைக் கொடுத்து, படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் அந்த ஊரில் உடம்பைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்பதற்கான தாள். உச்சி வெயிலில் நடக்காதே. வண்டிகள் இங்கே வலப்பக்கமாக ஓடும், உன் ஊர் ஞாபகத்தில் ரோட்டில் இறங்கிவிடாதே. ஊருக்கு வெளியே ஒட்டகங்கள் குறுக்கே வரும். நான்காவது வரி குடிதண்ணீரைப் பற்றியது. அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். பக்கத்திலிருந்த கேரளத்து டீச்சர் தோளைத் தொட்டு என்ன ஆயிற்று என்று கேட்ட பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

அப்படிப்பட்ட தாளை நான் பார்ப்பது அது முதல் தடவை அல்ல. முதல் தாள், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது, கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார அம்மாவின் சமையலறைக் கதவில் ஒட்டியிருந்தது.

எழுபதுகளின் கடைசி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாங்கள் கப்பலேறி வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு மலைப்பாதையில் ரோட்டு வேலை. மழைக்குச் சரிந்த மண்ணை அள்ளுவது, குழிக்குக் கல் போடுவது, தடுப்புச் சுவர் கட்டுவது. அம்மா அந்த வெள்ளைக்கார வீட்டில் சமையல். வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வந்தவர்கள். ஊரே அந்த அம்மாவை மேடம் என்று கூப்பிட்டது. அம்மா மட்டும் தோட்டத்துப் பழக்கத்தில் தொரைசானி என்பாள். அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதம் திருத்திப் பார்த்துவிட்டு அவரே ஓய்ந்துபோனார்.

தொரைசானி தமிழ் படித்தவர். வந்த புதிதில் யாரோ வேதப் புத்தகத் தமிழைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கடைத்தெருவில் கேரட் விற்க வரும் மன்னவனூர்க்காரரிடம், "ஐயா, இவை இன்று பறிக்கப்பட்டனவா?" என்பார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பறிக்கப்பட்டதுதாங்க" என்று அவருக்கே திருப்பிக் கொடுப்பார். ஆனால் எழுத்து முத்து முத்தாக இருக்கும். கதவில் ஒட்டிய தாளை அவரே தமிழில் எழுதியிருந்தார். குடிநீர் இருபது நிமிடம் கொதிக்க வேண்டும். பச்சைக் காய்களை ஊதா மருந்து கலந்த நீரில் ஊற வைக்க வேண்டும். நாய் கடித்தால், அது சிறு கீறலானாலும், உடனே சொல்ல வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குமேல் மலைப்பாதையில் பயணம் கூடாது. மூடுபனியில் கூடாது. இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு வண்டியை உருட்டும் ஓட்டுநரோடு ஒருபோதும் கூடாது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இம்புட்டுப் பயத்த வச்சிக்கிட்டு எதுக்குக் கடல் தாண்டி வந்தாங்களாம்?" என்றாள். கடல் தாண்டி வந்தவர்கள்தான் நாங்களும். ஊரில் எங்களைச் சிலோன்காரங்க என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கு யாரும் தாள் எழுதி ஒட்டவில்லை.

சொன்ன வேலையில் அம்மா ஒரு குறை வைக்க மாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு நான் அந்த வீட்டுக்குப் போனதும் என்னைக் கடிகாரத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவாள். கெட்டிலில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து பெரிய முள் நான்கு எண்களைத் தாண்ட வேண்டும். தாண்டியதும் நான் "ஆச்சும்மா!" என்று கத்துவேன். அந்த வீட்டின் பாதுகாப்பே என் தொண்டையில் இருப்பதுபோல ஒரு மிதப்பு எனக்கு.

அதற்குப் பிறகு இன்னொரு வேலை உண்டு. அதுவும் என்னுடையதுதான். தொரைசானி நாலேகாலுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்ததும் தண்ணீர் கேட்பார். டீயும் காப்பியும் அவர் தொடுவதில்லை. அவர் கணவரோ தண்ணீரே குடிக்காமல் காப்பியில் உயிர் வாழ்ந்தவர். கொதித்து இறங்கிய தண்ணீரை எந்த மனுஷர் குடிக்க முடியும்? வெந்நீரை விளாவாமல் ஒருவர் கையில் கொடுப்பது தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் மரியாதைக் குறைச்சல், குளிக்கிறவருக்கானாலும் சரி, குடிக்கிறவருக்கானாலும் சரி. "சுடச்சுடக் குடுத்தா நாக்கு வெந்துரும், பதமா வெளாவிக் குடு புள்ள" என்பாள் அம்மா. நான் குழாயில் ஒரு செம்பு பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீரில் ஊற்றி, கண்ணாடித் தம்ளரைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். கன்னத்துக்கு இதமாக இருந்தால் பதம். மேலே சோலைக்குள்ளிருந்து குழாயில் வரும் ஊற்றுத் தண்ணீர் அது, பல் கூசும் குளிர்ச்சி. தொரைசானி ஒரே மூச்சில் குடித்துவிட்டு "நன்றி, மகளே" என்பார்.

தாளில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், குடிநீர் இருபது நிமிடம் கொதிக்க வேண்டும். அது கொதித்தது. சாட்சிக்கு நான் இருந்தேன்.

அந்த வருஷம் ஆடி வாக்கில் தொரைசானி உண்டாகியிருந்தார். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து என்று அம்மா அப்பாவிடம் சொன்னாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே பயம்தான், மலைப்பாதை. ஏழாம் மாதத்தில், பனி விலகிய தை மாதத்துக் காலை ஒன்றில், மதுரைக்கு இறங்கிவிடுவது என்று ஏற்பாடு. அவர் கணவர், அம்மா வாயில் தொரை, வண்டிக்குப் புது பிரேக் கட்டை போட்டார். உருளைக்கிழங்கு லாரிகள் எந்த நேரத்தில் இறங்கும் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டார். வெள்ளனே அம்மா போனதும், "இன்று பாதை எப்படி?" என்று கேட்பார். அப்பா சொல்லி அனுப்பியதை அம்மா ஒப்பிப்பாள். ஊரில் அப்பாவின் வாக்குக்கு அப்படியொரு மதிப்பு வேறெங்கும் இருந்ததில்லை. ஆகவே அப்பாவும் மெனக்கெட்டு ஒவ்வொரு வளைவையும் பார்த்து வைத்துக்கொள்வார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குழாயில் இரண்டு நாள் செம்மண் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. தெளிந்த தண்ணீரில்தான் நான் விளாவினேன். கலங்கலில் விளாவக் கூடாது என்கிற அறிவு எனக்கு இருந்தது.

கார்த்திகையில் தொரைசானிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மசக்கை திரும்பிவிட்டது என்றாள் அம்மா. ஒரு வாரத்தில் கண் மஞ்சளாகிவிட்டது. ஊர் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காமாலை, அதுவும் இந்த நேரத்தில், உடனே மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். கை கழுவ சமையலறைக்கு வந்தவர் அம்மாவிடம் கேட்டார்.

"இது தண்ணியில வர்ற சீக்கும்மா. காய்ச்சித்தான் குடுத்தியா?"

அம்மாவுக்கு முகம் வெளுத்துப்போனது. பக்கத்தில் நின்ற என்னை இழுத்து, என் உச்சந்தலையில் கையை வைத்தாள். "எம் புள்ள தலையில அடிச்சுச் சொல்றேங்க டாக்டரய்யா. இந்த வீட்டுல ஒரு நாளும் பச்சத்தண்ணி குடுத்ததில்ல. குடுத்திருந்தா இவ எனக்கு இல்லாமப் போகட்டும்."

உள்ளறையில் படுத்திருந்த தொரைசானிக்கு அது கேட்டுவிட்டது. "வேண்டாம், பிள்ளையின் தலையில் வேண்டாம். நான் நம்புகிறேன்" என்று மெலிந்த குரலில் சொன்னார். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. அம்மா சொன்னது நிஜம். பச்சைத் தண்ணீரை நாங்கள் யாருக்கும் கொடுத்ததில்லை, விளாவத்தான் செய்தோம்.

அன்று பார்த்து பெருமாள்மலைக்குக் கீழே ஒரு வளைவில் பாதி ரோடு மண்ணோடு சரிந்து கிடந்தது. பஸ் நின்றுபோயிருந்தது. அப்பாவும் அவரோடு எட்டுப் பேரும் விடியலிலிருந்து அங்கேதான் நின்றார்கள். மேடத்தின் வண்டி வருகிறது என்று மேலிருந்து ஆள் வந்து சொன்னதும், சரிந்த இடத்தில் கல்லை நிரப்பி, மரக்கிளைகளைப் பரப்பி, மேலே மண்ணைக் கொட்டி, ஒரு வண்டி போகிற அகலத்துக்குப் பாதை பண்ணினார்கள். "வெரசாப் போடுங்கலே, வெரசா" என்று அப்பாதான் விரட்டினாராம். வண்டி வந்தது. பள்ளத்துப் பக்கம் ஆட்கள் கைகோத்து நின்றுகொள்ள, அப்பா பின்னால் தள்ளினார். சக்கரம் கல்லில் ஏறி இரண்டு தரம் தூக்கிப் போட்டது. கடந்துவிட்டது. அந்தப் பக்கம் போனதும் தொரை இறங்கி வந்து, சேறும் சகதியுமாக நின்ற அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் அப்பா அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அம்மா அவருக்கு இரண்டு தரம் டீ கொடுத்தாள்.

ஐந்தாம் நாள் தொரை மட்டும் துணிமணி எடுக்க வந்தார். பிள்ளை தங்கவில்லை. தொரைசானி பிழைத்துக்கொள்வார் என்றார்.

எங்கள் வீட்டில் அன்று அப்பா சாப்பிடவில்லை. "ரெண்டு தரம் தூக்கிப் போட்டுச்சு. வயித்தப் பிடிச்சுக்கிட்டுக் கண்ண மூடி உக்காந்திருந்துச்சு அந்தம்மா. நாந்தான் போதும் வரச்சொல்லுன்னேன். இன்னும் நாலு கூடை மண்ணு போட்டு மெத்தியிருக்கலாம்" என்றார். அம்மா, "காமாலக்கிப் போன உசுருங்க. கல்லு என்ன செய்யும்?" என்றாள். அவர் காதில் வாங்கவில்லை. தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுத்தோம் என்று பெண்டாட்டி பிள்ளையின் தலையிலேயே அடித்துச் சொல்லியிருக்கிறாள். பிறகு மீதி இருந்தது அவருடைய கல் மட்டும்தான்.

ஒன்றரை மாதம் கழித்துத் தொரைசானி திரும்பி வந்தார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. அம்மா கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கோ அவரைப் பார்த்த சந்தோஷம் தாங்கவில்லை. கெட்டிலை இறக்கி, குழாயில் செம்பு பிடித்து, வழக்கம்போல விளாவ ஆரம்பித்தேன். அவர் சமையலறை வாசலில் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"அது என்ன, மகளே?"

"வெளாவுறேங்க. உங்களுக்குத்தான்."

"நாள்தோறும் இப்படியா?"

"தெனமும் நாந்தாங்க வெளாவுவேன். அம்மா கூட இம்புட்டுப் பதமா வெளாவாது" என்றேன் பெருமையாக. தம்ளரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து, அவரிடம் நீட்டினேன்.

அவர் வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. முக்காலியில் மெதுவாக உட்கார்ந்து, தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். பிறகு தம்ளரை மேசையில் வைத்துவிட்டு என் தலையில் கை வைத்தார். அம்மா அன்று கை வைத்த அதே உச்சந்தலை. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. எனக்குக் கழுத்து வலித்தது. கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் எழுந்து, தம்ளரைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். "இனிமேல் காலையிலேயே கொதிக்க வைத்து மூடி வைத்துவிடு. அது தானாக ஆறட்டும். எனக்கு இப்போது அப்படிக் குடிப்பதுதான் பிடிக்கிறது."

வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் கோடையில் அவர்கள் தங்கள் ஊருக்குப் போகும்வரை சொல்லவில்லை. எனக்கு ஒரே ஆத்திரம். என் வேலை போய்விட்டது. ஆறின தண்ணீரில் என்ன ருசி, ஆஸ்பத்திரிக்குப் போய்வந்ததும் இவருக்கு நாக்கு செத்துவிட்டது என்று அம்மாவிடம் குறை சொன்னேன். நாலு நாள் அவரோடு முகம் கொடுத்தே பேசவில்லை.

மஸ்கட் தாளின் நான்காவது வரி இதுதான்: காய்ச்சிய நீரில் காய்ச்சாத நீரைக் கலக்க வேண்டாம். அந்த அம்மா எதற்காக வாயை மூடிக்கொண்டார் என்று எனக்கு அந்த அலுவலகத்தில்தான் விளங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர், இன்னொருத்தி தன் பிள்ளையின் தலைமேல் செய்த சத்தியத்தைப் பொய்யாக்க மனமில்லாமல் இருந்திருக்கிறார். அம்மாவையும் என்னையும் அவர் காப்பாற்றிவிட்டார். அப்பாவின் கல்லைப் பற்றி அவருக்குத் தெரியாது. அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பாரோ, தெரியவில்லை. நான் மஸ்கட் போவதற்கு ஆறு வருஷம் முன்பே அப்பா இறந்துவிட்டார்.

அந்த வளைவில் பிறகு நல்ல சுவர் எழுப்பினார்கள். அதற்கும் அப்பாதான் கல் சுமந்தார். வத்தலக்குண்டுக்குப் பஸ்ஸில் இறங்கும்போதெல்லாம் அந்த இடம் நெருங்க நெருங்க அவர் பேச்சு குறைந்துவிடும். முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். கடந்த பிறகு, "இன்னும் நாலு கூடை" என்று தனக்குள் சொல்லிக்கொள்வார். எதற்கு என்று நான் கேட்டதில்லை. ஜன்னலோரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்து, அவர் கையிலிருந்த கடலைப் பொட்டலத்தைப் பிடுங்கித் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்து வந்தேன்.