பத்து லேபிளுக்குப் பதினோரு வெட்டு

எங்க பனியன் கம்பெனி ராமாத்தாக்கா போன் பண்ணப்ப நான் பெருமாநல்லூர்ல பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தேனுங்க. கையில பாதி தின்ன தேங்கா பன்னு. "கண்ணு, ஜெசிந்தா போயிட்டா சாமி. வெடியால அஞ்சு மணிக்கு"ன்னாங்க. அழுதுட்டே போனை வச்சுட்டாங்க.

எனக்கு அழுகை வரலீங்க. மொதல்ல வந்தது எங்க டீம் லீடர் சுதாகர் சார் மூஞ்சி. பன்னை வீசிட்டு, வந்த பஸ்ல ஏறாம அங்கயே நின்னேன். ஜெசிந்தாக்காவோட பழகுனவங்க எல்லாரும் படிக்கணும்னுதான் இதை எழுதறேன். சுதாகர் சார், நீங்களும் படிப்பீங்க. படிங்க.

அக்கா குடும்பம் தூத்துக்குடிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தது. ஆறு வருசம் நம்ம கம்பெனில, ராமாத்தாக்கா பக்கத்துல நின்னு, சைஸ் லேபிள் ரோலை வெட்டிட்டிருந்தாங்க. தபால்ல டிகிரி படிச்சாங்க, போன்லயே புரோகிராம் எழுதப் பழகுனாங்க. கம்பெனி சொந்தமா சாப்ட்வேர் செய்ய ஆரம்பிச்சப்ப மாடிக்கு வந்தாங்க. நான் ரெண்டாம் வருசத்துலயே காலேஜை விட்டவன். அவங்க டிகிரியை எவனும் மதிக்கல, எங்கிட்ட டிகிரியே இல்ல. ரெண்டு பேருக்கும் ஒரே டேபிள். தினம் சண்டை. செத்தவங்களைப் பத்தி நல்லதே சொல்லணும்பாங்க. அக்கா ஒரு நாள் கூட எனக்கு சார்ஜர் குடுத்ததில்லீங்க. "ஓசில சார்ஜ் போடுதவன் கோடும் ஓசியாத்தான் இருக்கும்"பாங்க.

எங்க வேலை ஒரு சின்னப் பொட்டி. தையல் லைனுக்கு ஒண்ணு. துணிக்கட்டு வந்து ஸ்கேன் பண்ணுனா, ஸ்டைலு, கலரு, சைஸு பாத்து லேபிள் அடிச்சுக் குடுக்கும். மெமரி கொஞ்சூண்டு. எல்லா ஆர்டரோட லேபிள் வார்த்தையும் அதுக்குள்ள உக்காரணும். நான் ரஸ்ட்டுங்கற புரோகிராம் மொழில எழுதுனேன், வார்த்தைக்கு வார்த்தை தனித்தனி ஸ்ட்ரிங்கா. சோதிக்கறப்ப ஓடுச்சு. நிஜ ஆர்டர் லிஸ்ட்டை ஏத்துனதும் பொட்டி மலைச்சு நின்னுருச்சு.

"என்னல பண்ணி வச்சிருக்க?"ன்னாங்க.

"லிஸ்ட்டுங்கா."

"'எம்' சைஸுக்கு ஒத்த எழுத்து. அது எங்க கெடக்கு, எம்புட்டு நீளம், எம்புட்டு எடம் பிடிச்சிருக்குன்னு குறிச்சு வைக்கவே இருபத்தி நாலு பைட்டு. எழுத்து தனி. ஒரு லேபிளுக்கு ஒரு அட்டைப்பொட்டி வாங்கி விலாசம் எழுதுத மாதிரில்லா இருக்கு."

"எல்லாரும் இப்பிடித்தாங்கா எழுதறாங்க."

"எல்லாவனும் பெரிய கம்ப்யூட்டர் வச்சிருக்கான். நமக்கு இந்தப் பொட்டிதாம்ல."

பையிலிருந்து ஒரு லேபிள் ரோலை எடுத்து என் கீபோர்டு மேலயே உருட்டி விட்டாங்க. பொட்டிக்குள்ளயும் இப்பிடியேதான்னாங்க: வார்த்தை எல்லாம் ஒட்டி ஒட்டி ஒரே நீள நாடா. நடுவுல இடைவெளி கெடையாது. எங்கெங்க வெட்டணும்ங்கற நம்பர் மட்டும் தனியா ஒரு வரிசை. வெட்டுக்கு நாலு பைட்டு. "சோலி முடிஞ்சு"ன்னாங்க.

ரெண்டு நாள் வீம்புக்குச் சண்டை போட்டேன். அப்பறம் அவங்க எழுதுனதை ஏத்திப் பாத்தா, திணறுன அதே பொட்டி பாதி மெமரியைச் சும்மா வச்சுட்டு ஓடுது. வாயை மூடிட்டேன்.

ஆனா ஒரு சைபர் மட்டும் எனக்கு உறுத்துச்சுங்க. வெட்டு நம்பர் வரிசை சைபர்ல ஆரம்பிக்கும். சைபர், மூணு, ஏழு, அப்பிடி. "மொத லேபிள் மொதல்லதான ஆரம்பிக்கும். அதுக்கு எதுக்குங்கா ஒரு நம்பரு? வேஸ்ட்டு"ன்னேன். என் சட்டையைப் பிடிச்சுக் கீழ லேபிள் டேபிளுக்கு இழுத்துட்டுப் போனாங்க.

"ஏங்க்கா, பத்து லேபிளுக்கு எத்தனை வெட்டு?"ன்னு ராமாத்தாக்காகிட்டக் கேட்டாங்க.

"பதினொண்ணு. இதென்ன கேள்வி?" ராமாத்தாக்கா புது ரோலை எடுத்து, நுனியில இருந்த வெத்து நாடாவை மொதல்ல நறுக்குன்னு வெட்டிப் போட்டாங்க. "மொத வெட்டு ரோலுக்கு கண்ணு. அப்பறம் லேபிளுக்கொண்ணு. நுனியை வெட்டாம ஆரம்பிச்சா மொத லேபிளு வாலோட போயிரும்."

அந்த வெத்துத் துண்டை எடுத்து அக்கா என் சட்டைப் பையில திணிச்சாங்க. "வச்சுக்கல. சைபர்னா இதான்." மேல போயி அந்த வரிக்கு மேல தமிழ்லயே ஒரு குறிப்பு எழுதுனாங்க: 'இது வேஸ்ட் இல்ல. மொத வெட்டு. இதுல கைய வச்சா எல்லாம் ஒண்ணு தள்ளிப் போயிரும்.'

அப்பறம் அக்காவுக்கு மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரில படுத்தாங்க. அந்த வாரம் குழந்தைங்க பனியன் ஆர்டர் ஓடிட்டிருந்துச்சு. சுதாகர் சாருக்கு, தானும் மெமரியைக் குறைச்சேன்னு ஆர்டர் குடுத்த பார்ட்டிகிட்டக் காட்டணும். அந்த சைபரைத் தூக்கிட்டாரு. குறிப்பையும் சேத்துத்தான். ரெண்டு வயசு லேபிள் கேட்டா மூணு வயசு வருது, மூணு கேட்டா நாலு வருது. கடைசி லேபிளுக்கு முடிவு வெட்டே இல்லாமப் போயி புரோகிராம் நின்னுருச்சு. ஏன் நின்னுச்சுன்னு பாக்கற ஆளா இருந்தா அங்கயே புடிச்சிருப்பாரு. இவரு கடைசி நம்பரை ரெண்டு தடவை எழுதி அதோட வாயை அடைச்சாரு. கடைசி சைஸ் வெத்து லேபிளா வந்தப்பறந்தான் லைன்ல ஒருத்தங்க கத்துனாங்க. அதுக்குள்ள மத்த சைஸெல்லாம் தெச்சு முடிஞ்சுது. ராமாத்தாக்காவும் மத்த அக்காங்களும் மூணு நாள் குனிஞ்ச தலை நிமிராம லேபிள் தையல் பிரிச்சாங்க.

மீட்டிங்ல சுதாகர் சார் என்ன சொன்னாருன்னு உங்கள்ல பாதிப் பேருக்கு ஞாபகம் இருக்கும். "ஜெசிந்தா எழுதுன கோடு. உடம்பு முடியாதப்ப எழுதிருக்காங்க. பெருசு பண்ண வேண்டாம்." எத்தனை பெரிய மனசு பாருங்க.

யார், எப்ப, எந்த வரியை மாத்துனாங்கன்னு கோடு ஹிஸ்டரி காட்டிரும். அன்னிக்கு மத்தியானமே பாத்துட்டேன். சுதாகர் சார் பேருதான் இருந்துச்சு. அவரு என் பின்னாடி வந்து நின்னு, "சர்டிபிகேட் இல்லாதவனுக்கு வெளிய எவன் தம்பி வேலை குடுப்பான்?"ன்னாரு. நான் லேப்டாப்பை மூடிட்டேனுங்க.

அன்னிக்குச் சாயங்காலம் ஆஸ்பத்திரில இருந்து அக்கா கூப்பிட்டாங்க. குரலே இல்ல.

"ஏல, லேபிளெல்லாம் மாறிப் போச்சாமே. நான் தப்பா எழுதிட்டேனால?"

இல்லீங்கான்னு ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது, "பாத்துச் சொல்றேங்கா."

நாலாம் நாள் போயிட்டாங்க.

கேன்டீன்ல அஞ்சலிக் கூட்டம். போட்டோவுக்கு மாலை, மொத வரிசையில அக்காவோட அம்மா. சுதாகர் சார் மைக்கைப் பிடிச்சாரு. "இந்த டிசைன் நான் சொல்லச் சொல்ல ஜெசிந்தா எழுதுனது. நல்ல உழைப்பாளி. கடைசியில ஒரு சின்னத் தப்பு நடந்துச்சு. அதை நாம மன்னிச்சுட்டோம்"ன்னாரு. அந்தம்மா தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. அதைப் பாத்ததும் நான் எந்திரிச்சேன்.

"சார், ஒரே ஒரு கேள்விங்க. பத்து லேபிளுக்கு எத்தனை வெட்டுங்க?"

சிரிச்சாரு. "இப்ப எதுக்குப்பா இது? பத்து."

லேபிள் டேபிள் அக்காங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க. ராமாத்தாக்கா உக்காந்த இடத்துலருந்தே, "ஏனுங்க சார், அப்ப நுனியை ஆருங்க வெட்டுவாங்க?"ன்னாங்க.

"டிசைன் உங்களுதுங்களே சார், சொல்லுங்க"ன்னேன். அவரு தண்ணி டம்ளரை எடுத்தாரு. நான் லேப்டாப்பைக் கேன்டீன் டிவியில மாட்டி ஹிஸ்டரியைத் திறந்தேன். சைபர் செவப்புல அடிபட்டுக் கெடக்குது. அதுக்கு மேல அக்கா எழுதுன குறிப்பும் செவப்புல. பக்கத்துல சுதாகர் சார் பேரு. என்ன பண்ணுனாருன்னு ரெண்டே நிமிசத்துல சொன்னேன். அங்க இருந்தவங்க பாதிப் பேரு லேபிள் வெட்டுனவங்க. அதுக்கு மேல விளக்க வேண்டியதே இல்ல.

"வெளிய வா, பேசிக்கலாம்"ன்னாரு.

"இங்கயே பேசுங்க சார். அவங்கம்மா இருக்காங்கல்ல."

ராமாத்தாக்கா எந்திரிச்சாங்க. குரலை ஒசத்தல. "ஏனுங்க சார், மூணு நாளா எங்க வெரலுல ஊசி ஏத்துனது நீங்களுங்களா?"

அக்காவோட அம்மா டிவிகிட்டப் போயி, அந்த செவப்பு எழுத்தைக் கூட்டிக் கூட்டி வாசிச்சாங்க. "கைய வச்சா... எல்லாம்... ஒண்ணு தள்ளிப் போயிரும்." திரும்பி என்னையப் பாத்தாங்க. "எம்பிள்ள பேசுத மாதிரியே இருக்கு. அப்போ அவ தப்பு பண்ணலியாப்பா? சாவுத வரைக்கும் அதையேல்லா கேட்டுக்கிட்டுக் கெடந்தா."

"இல்லீங்கம்மா"ன்னேன். சுதாகர் சார் முன்வாசல்ல போகாம சமையக்கட்டு வழியாப் போனாரு. பாத்தேன். நல்லா இருந்துச்சு. அதை மறைக்க மாட்டேனுங்க.

மறுநாளே என்னைய வர வேண்டாம்னுட்டாங்க. ஐடி கார்டைக் குடுக்கறதுக்கு முன்னாடி அந்த சைபரையும் குறிப்பையும் திரும்ப வச்சுட்டு, கீழ 'எழுதினவர்: ஜெசிந்தா'ன்னும் போட்டுட்டு வந்தேன். இன்னும் அப்பிடியேதான் இருக்குதாம். சுதாகர் சார் இப்ப லேபிள் டேபிளைச் சுத்திப் போறாராமா. சுத்துங்க சார். உங்களுக்கு மன்னிப்பு வேணும்னா ராமாத்தாக்காகிட்டக் கேளுங்க. எங்கிட்ட ஸ்டாக் இல்லீங்க.

எங்கிட்ட இருக்கறது அந்த வெத்து நாடாத் துண்டு. போன் கவருக்குள்ள வச்சிருக்கேன். அதே போன்லதான் அக்காவோட அந்தக் கடைசி போன்காலும் இருக்குது. பாத்துச் சொல்றேன்னு சொன்னேனுங்களே.

பாத்துட்டேங்கா. நீங்க தப்பா எழுதல. தப்பு அவர் மேல. அன்னிக்கே சொல்லாம விட்டது என் மேல.